பாய்மரப் படகின் ஸ்டியரிங்: எண்ணெய், கிரீஸ், பராமரிப்பு – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

30 முதல் 45 அடி வரையுள்ள பாய்மரப் படகுகளில் மிகப் பரவலாக இருப்பது வீலும் வயர் கேபிளும் கொண்ட ஸ்டியரிங். வீலைத் திருப்பினால், அதைத் தாங்கும் தூணான பெடஸ்டலுக்குள் இருக்கும் ஸ்ப்ராக்கெட் (பற்சக்கரம்) ஒரு செயினை இழுக்கும். செயினின் இரண்டு முனையிலும் கோத்த வயர் பெடஸ்டலின் அடிவரை இறங்கி, கப்பிகளில் திரும்பி, சுக்கான் தண்டில் பூட்டியிருக்கும் குவாட்ரன்ட் என்ற விசிறி வடிவத் தகட்டைச் சுற்றிப் போய் முடியும். கீழே உள்ள பதில்களில் பெரும்பகுதி இந்த அமைப்பைப் பற்றியது. ஹைட்ராலிக், பற்சக்கர வகை, டில்லர் (சுக்கானைக் கையால் நேரடியாகத் திருப்பும் கட்டை) ஆகியவற்றுக்குக் கடைசிப் பகுதியில் தனித்தனிப் பதில் உண்டு.

கை வைக்கும் முன் ஒன்று. ஆட்டோபைலட்டை அதன் பிரேக்கர் வரை போய் அணையுங்கள். வீலில் "தொடாதே" என்று ஓர் அட்டை கட்டுங்கள். குவாட்ரன்டுக்கும் அது முட்டி நிற்கும் கட்டையான ஸ்டாப்புக்கும் நடுவில் விரல் இருக்கும்போது மேலே யாராவது வீலைத் திருப்பினால் விரல் மிஞ்சாது.

எந்த இடத்துக்கு எண்ணெய், எந்த இடத்துக்கு கிரீஸ்?

சுற்றும் தண்டும் பேரிங்கும் உள்ள இடத்துக்கு கிரீஸ். செயின், வயர், கப்பியின் நடு ஊசி ஆகியவற்றுக்கு எண்ணெய். பிளாஸ்டிக் உருளைகள் உள்ள சுக்கான் பேரிங்குக்கு இரண்டும் வேண்டாம், நல்ல தண்ணீர் போதும். வீலை அசையாமல் பிடிக்கும் பிரேக் பட்டையில் எதுவுமே படக்கூடாது.

பெடஸ்டல் பேரிங்குக்கு டெஃப்லான் கலந்த, நீரில் கரையாத கிரீஸ் சரி. 1859இல் தொடங்கிய, அமெரிக்காவின் நியூ பெட்ஃபோர்டில் இயங்கும் எட்சன் நிறுவனம் தன் பெடஸ்டல்களுக்கு டெஃப்லூப் என்ற கிரீஸைத் தானே விற்கிறது. அது கிடைக்காத ஊரில் வாட்டர் பம்ப் கிரீஸோ, கடலுக்கென்று விற்கும் நல்ல கிரீஸோ போடலாம். செயினுக்கும் வயருக்கும் எஸ்ஏஇ 30 எஞ்சின் ஆயில். ஜெனரேட்டர் எண்ணெய் விற்கும் கடைகளில் இது கிடைக்கும். அதுவும் இல்லையென்றால் 20டபிள்யூ-40 போட்டாலும் பாதகமில்லை. 40 அடிப் படகு ஒன்றுக்கு ஒரு தடவைக்கு 50 மில்லி எண்ணெய்கூடச் செலவாகாது.

டபிள்யூடி-40 அடித்தால் போதாதா? தேங்காய் எண்ணெய், விளக்கெண்ணெய் போடலாமா?

டபிள்யூடி-40 ஈரத்தை விரட்டவும், இறுகிய நட்டைத் தளர்த்தவும் நல்லது. ஆனால் அதில் பெரும்பகுதி ஆவியாகிவிடும். மிஞ்சும் படலம் சுமை தாங்கும் அளவுக்குத் தடிப்பில்லை. பேரிங்கில் அடித்தால் ஏற்கெனவே இருக்கிற நல்ல கிரீஸையும் கரைத்துக்கொண்டு போய்விடும். அடித்ததும் கிரீச் சத்தம் நின்றுவிடுவதால் வேலை முடிந்ததென்று நினைக்கத் தோன்றும். சில நாளில் சத்தம் திரும்பும்போது பேரிங் முன்பைவிட வறண்டிருக்கும்.

தாவர எண்ணெய் வேண்டாம். காற்றுப் பட்டுப் பட்டு அது பிசினாக இறுகும், அந்தப் பிசினில் உப்பும் தூசியும் ஒட்டும். செயின் கண்ணிகள் மடங்காமல் விறைத்து நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

எத்தனை நாளுக்கு ஒரு முறை செய்ய வேண்டும்?

வார இறுதியில் மட்டும் ஓடும் படகென்றால் வயருக்கும் கப்பிக்கும் இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை எண்ணெய். பெடஸ்டலின் மேல்மூடியைத் திறந்து செயினையும் பேரிங்கையும் பார்ப்பது வருடம் ஒரு முறை. நீண்ட கடற்பயணத்துக்கு முன் எல்லாமே ஒரு முறை. பயணத்தின்போது தினம் ஒரு தடவை டார்ச்சோடு கீழே போய் ஒரு பார்வை. புது வயர் போட்டிருந்தால் முதல் சில மணி நேர ஓட்டத்துக்குப் பிறகு இறுக்கத்தைக் கட்டாயம் திரும்பப் பாருங்கள், புது வயர் நீளும்.

சென்னை, திருகோணமலை, லங்காவி, சிங்கப்பூர் மாதிரி வெப்பக் கடலில் இடைவெளியைக் குறைத்துக்கொள்ளுங்கள். வெயிலில் பெடஸ்டல் சுட்டால் கிரீஸ் இளகி வழியும். புழுக்கத்தில் உப்பு எப்போதும் ஈரமாகவே இருக்கும், காய்ந்து உதிராது.

எண்ணெய் போடும் வேலையைப் பத்து நிமிடத்தில் முடித்துவிடலாம். ஆனாலும் அரை மணி நேரம் ஒதுக்குங்கள் என்பதுதான் எங்கள் கருத்து. ஸ்டியரிங்கில் பெரும்பாலான பழுதுகள் முறிவதற்கு முன்பே கண்ணுக்குத் தெரியும் அடையாளத்தோடு வருகின்றன. குவாட்ரன்டுக்குப் பக்கத்தில் தலையை நுழைத்துப் பார்க்க ஒருவருக்கு வாய்ப்புக் கிடைப்பதே எண்ணெய் போடும் அன்றைக்குத்தான்.

பெடஸ்டலைத் திறந்து கிரீஸ் வைப்பது எப்படி?

பெடஸ்டலின் தலையில் திசைகாட்டி உட்கார்ந்திருக்கும். கழற்றும் முன், திசைகாட்டிக்கும் பெடஸ்டலுக்கும் இடையிலுள்ள இணைப்புக்குக் குறுக்கே இரண்டு இடத்தில் மாஸ்கிங் டேப் ஒட்டி, பென்சிலால் ஒரு கோடு போட்டு, டேப்பை இணைப்பின் மேல் பிளேடால் அறுத்துவிடுங்கள். திரும்ப வைக்கும்போது இரண்டு கோடும் நேராக வந்தால் திசைகாட்டியின் நேர்க்கோடு படகின் நீளவாட்டோடு ஒத்திருக்கும். இதைச் செய்யாமல் கண்மதிப்பில் வைத்தால் இரண்டு மூன்று டிகிரி பிசகிவிடும், அந்தப் பிசகு அடுத்த எல்லா வழிக்கணக்கிலும் ஏறும்.

திருகுகளை ஒரு கிண்ணத்தில் போடுங்கள். அவை காந்தம் பிடிக்காத உலோகத்தில் இருக்க வேண்டியவை. ஒன்று தொலைந்தால் சாதா எஃகுத் திருகைப் போடாதீர்கள். விளக்குக்குப் போகும் ஒயரை அறுக்காமல் திசைகாட்டியைத் தூக்கி ஒரு துணிமேல் சாய்த்து வையுங்கள். பெடஸ்டலின் வாயை ஒரு துணியால் அடைத்துவிடுங்கள். உள்ளே விழும் நட்டு நேராகக் கப்பிக்கும் வயருக்கும் நடுவில் போய் உட்காரும்.

வீல் தண்டு முன்னும் பின்னும் இரண்டு பேரிங்கில் சுற்றுகிறது. எட்சன் வகைப் பெடஸ்டலில் ஒவ்வொரு பேரிங்குக்கும் மேலே ஒரு சிறு துளை இருக்கும். டியூபின் மூக்கைத் துளையில் வைத்து, ஒருவர் வீலை மெதுவாகச் சுற்றிக்கொண்டே இருக்க, மற்றவர் கிரீஸை அழுத்துங்கள். தண்டின் ஓரத்தில் புது கிரீஸ் லேசாக எட்டிப் பார்த்தவுடன் நிறுத்துங்கள். வழிந்ததைத் துடைத்துவிடுங்கள், அது பிரேக் பட்டைமேல் ஒழுகினால் வேறு வேலை வந்து சேரும். சில நிறுவனங்களின் பெடஸ்டலில் பிளாஸ்டிக் கோலிகள் கொண்ட பேரிங் இருக்கும், அதற்கு கிரீஸ் வேண்டாம். உங்களுடையது எது என்று கையேட்டில் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

வெளியே வரும் பழைய கிரீஸ் கறுப்பாக இருந்தால் பிரச்சினையில்லை. பளபளக்கும் பொடியோ செம்மண் நிறமோ இருந்தால் பேரிங்கின் ஊசிகள் அரிக்கத் தொடங்கிவிட்டன என்று பொருள். அப்போது கிரீஸ் தீர்வாகாது, பேரிங்கை மாற்ற வேண்டும்.

செயினுக்கு கிரீஸ் ஏன் கூடாது?

செயின் தேய்வது வெளியே அல்ல, ஒவ்வொரு கண்ணியின் ஊசிக்கும் புஷ்ஷுக்கும் நடுவில். கிரீஸ் அந்த இடுக்குக்குள் போகாமல் வெளியே அப்பிக்கொண்டு தூசியைப் பிடித்து வைக்கும். எண்ணெய் உள்ளே இறங்கும். சைக்கிள் செயினுக்கு என்ன நியாயமோ அதேதான். கண்ணிக்கு ஒரு சொட்டு விட்டு, வீலைக் கோடி முதல் கோடி வரை நாலைந்து தடவை திருப்பி, மிஞ்சியதைத் துணியால் ஒற்றி எடுங்கள்.

அப்படியே ஒவ்வொரு கண்ணியையும் விரலால் மடக்கிப் பாருங்கள். விறைத்த கண்ணி, வெடித்த பட்டை, செயினையும் வயரையும் இணைக்கும் ஊசியில் தேய்ந்த கோட்டர் பின் ஆகியவற்றைத் தேடுங்கள். 5/8 அங்குலச் செயினில் 10 கண்ணியின் நீளம் 158.8 மி.மீ. இழுத்துப் பிடித்து அளக்கும்போது 162 மி.மீ.யைத் தாண்டினால் மாற்றிவிடுங்கள். அளக்க வேண்டிய இடம், சுக்கான் நேராக இருக்கும்போது ஸ்ப்ராக்கெட்டின் மேல் வரும் பகுதி. படகு ஓடும் நேரத்தில் பெரும்பகுதி அந்தச் சில கண்ணிகள்தான் உழைக்கின்றன, மற்றவை புதுசு போலவே இருக்கும்.

வயர் கேபிளை எப்படிச் சோதிப்பது?

வெறும் கையால் தடவாதீர்கள். அறுந்த இழை தூண்டில் முள்ளாக விரலில் ஏறும். ஒரு டிஷ்யூ பேப்பரை நாலாக மடித்து, அதில் எஸ்ஏஇ 30 எண்ணெயை நனைத்து, வயரின் முழு நீளமும் ஓட்டுங்கள். ஒரே வேலையில் எண்ணெயும் ஏறும், சோதனையும் நடக்கும். எங்காவது பேப்பர் மாட்டிக் கிழிந்து ஒரு துணுக்கு வயரில் ஒட்டி நின்றால் அங்கே இழை அறுந்திருக்கிறது. ஒரே ஓர் இழை என்றாலும் அந்த வயரின் காலம் முடிந்தது, மாற்றிவிடுங்கள்.

கப்பியின்மேல் ஏறி இறங்கும் பகுதியைத் தவறவிடாதீர்கள். சுக்கானை நேராக வைத்து ஒரு முறை, இடக்கோடியில் ஒரு முறை, வலக்கோடியில் ஒரு முறை என்று மூன்று நிலையிலும் பேப்பரை ஓட்டினால்தான் கப்பிக்குள் ஒளிந்திருக்கும் பகுதியும் வெளியே வரும்.

வயருக்கு எண்ணெய் எதற்கு என்று சிலர் கேட்பார்கள், ஸ்டெயின்லெஸ் துருப்பிடிக்காதே என்று. ஸ்டியரிங்கில் போடும் 7×19 வயரில் மொத்தம் 133 இழைகள் உண்டு. கப்பியில் வளையும் ஒவ்வொரு தடவையும் அவை ஒன்றன்மேல் ஒன்று உரசி வழுக்குகின்றன. அந்த உரசலுக்குத்தான் எண்ணெய்.

பார்க்க நன்றாகவே இருக்கிறது. இருந்தும் வயரை மாற்ற வேண்டுமா?

ஐந்து வருடம் ஆகிவிட்டால் மாற்றுவது நல்லது. ஸ்டெயின்லெஸ் வயர் களைத்துப் போவது வெளியே தெரியாது. உள்ளிழை முதலில் அறுந்தால் டிஷ்யூ பேப்பரும் காட்டிக்கொடுக்காது. கழற்றிய வயர் சேதமில்லாமல் இருந்தால் சுருட்டிக் கட்டி உதிரியாக வையுங்கள். அதன் நீளம் உங்கள் படகுக்கு ஏற்கெனவே சரிபார்த்தது, கடலில் அளந்து வெட்ட வேண்டியிருக்காது.

மாற்றும்போது பழைய தடிப்பே போடுங்கள். நடுத்தரப் படகுகளில் 3/16 அல்லது 1/4 அங்குல வயர் இருக்கும். பலம் சேர்க்கலாம் என்று தடித்த வயர் போட்டால் கப்பியின் பள்ளத்தில் அது உட்காராது, சிறிய கப்பியில் அதிகம் வளைந்து சீக்கிரம் களைக்கும். 1×19 வயர் பாய்மரத்தைத் தாங்கும் கம்பிகளுக்கானது, வளைவதற்கல்ல.

வயர் எவ்வளவு இறுக்கமாக இருக்க வேண்டும்?

வீலை நேராக வைத்துக் கயிற்றால் அசையாமல் கட்டுங்கள். கீழே போய்க் குவாட்ரன்டை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். அசையவில்லை என்றால் போதும், அதற்குமேல் ஒரு சுற்றுகூட இறுக்க வேண்டாம். அதிக இறுக்கம் பேரிங்கையும் கப்பியையும் தின்னும், சுக்கானிலிருந்து வீலுக்கு வரும் உணர்வையும் மழுங்கடிக்கும்.

தளர்வு இதைவிட ஆபத்து. எஞ்சினில் பின்னோக்கிப் போகும்போதோ, பின்னாலிருந்து வரும் அலை சுக்கானை அடிக்கும்போதோ தளர்ந்த வயர் ஒரு கணம் தொய்ந்து கப்பியிலிருந்து குதித்துவிடும். குதித்த வயர் கப்பிக்கும் அதன் கூட்டுக்கும் நடுவில் சிக்கினால் சுக்கான் அங்கேயே பூட்டிக்கொள்ளும்.

இறுக்கும் கண்போல்ட்டுகள் குவாட்ரன்டில் இருக்கும். இரண்டு பக்கமும் சமமாக இறுக்குங்கள், சுக்கான் நேராக இருக்கும்போது செயினின் நடுக்கண்ணி ஸ்ப்ராக்கெட்டின் உச்சியில் நிற்க வேண்டும். ஒவ்வொரு கண்போல்ட்டிலும் இரண்டு நட்டு இருக்கட்டும், ஒன்றை ஒன்று பூட்ட. ஒற்றை நட்டு அதிர்வில் தானே கழன்று வரும்.

வயர் கிளாம்ப் எந்தப் பக்கம் போட வேண்டும்?

சுமை தாங்கும் நீள வயரின்மேல் சேணம் போன்ற தட்டு. மடித்துத் திரும்பிய குட்டை முனையின்மேல் யு-போல்ட். மாற்றிப் போட்டால் யு-போல்ட் சுமை தாங்கும் வயரைக் கடித்து நசுக்கும். ஒவ்வொரு முனைக்கும் குறைந்தது இரண்டு கிளாம்ப், இரண்டும் ஒரே திசையில். வயர் வளையும் இடத்தில் திம்பிள் (வளைவைத் தாங்கும் உலோக வளையம்) கட்டாயம். முதல் ஓட்டம் முடிந்ததும் நட்டுகளை ஒரு முறை இறுக்குங்கள். வயர் நசுங்கி மெலிவதால் முதல் நாள் இறுக்கம் நிற்காது.

கப்பிக்குக் கீழே கறுப்புத் தூள் சேர்கிறது. என்ன அது?

கப்பியும் வயரும் ஒன்றையொன்று அறுக்கின்றன. வெண்கலக் கப்பியானால் தூள் பொன்னிறமாகவும், அலுமினியமானால் சாம்பல் கறுப்பாகவும் இருக்கும். எண்ணெய் குறைவு ஒரு காரணம், ஆனால் முதலில் சந்தேகப்பட வேண்டியது வரிசைப் பிசகை. வயர் கப்பியின் பள்ளத்துக்குள் நேராக நுழைந்து நேராக வெளியேற வேண்டும். ஓரமாக நுழைந்தால் ஒரு கன்னம் மட்டும் தேய்ந்து பளபளக்கும். கப்பியின் பின்னால் கண்ணை வைத்து வயரின் வழியே ஒரு பார்வை பார்த்தால் தெரிந்துவிடும்.

அடுத்து கப்பி பூட்டிய பலகையைப் பாருங்கள். ஒருவரை வீலைப் பலமாகத் திருப்பச் சொல்லி, சுக்கானைக் கட்டி வைத்து, பலகை வளைகிறதா, போல்ட்டைச் சுற்றி ஃபைபர்கிளாஸில் வெடிப்புக் கோடு உண்டா என்று பாருங்கள். 30 செ.மீ. ஆரமுள்ள குவாட்ரன்டில் சுக்கான் 600 நியூட்டன்-மீட்டர் முறுக்கினால் வயரில் 2,000 நியூட்டன், அதாவது சுமார் 200 கிலோ இழுவை வருகிறது. வயர் திரும்பும் கோணத்தைப் பொறுத்துக் கப்பியின் போல்ட்டில் அதைவிடவும் கூடும். வெறும் மரத்திருகில் நிற்கும் கப்பி ஒரு நாள் பிடுங்கிக்கொண்டு வரும்.

சுற்றாத கப்பியும் உண்டு. ஊசி உப்பில் இறுகி, கப்பி நிற்க, வயர் மட்டும் அதன்மேல் வழுக்கிக்கொண்டிருக்கும். கப்பியில் ஒரு மார்க்கர் புள்ளி வைத்து வீலைத் திருப்பினால் புள்ளி நகர்கிறதா இல்லையா என்று தெரியும்.

வீல் கனமாக இருக்கிறது. கோளாறு எங்கே?

படகு நிற்கும்போது கண்டுபிடியுங்கள். இரண்டு கண்போல்ட்டையும் தளர்த்தி வயரைக் குவாட்ரன்டிலிருந்து கழற்றுங்கள். இப்போது வீலை விரலால் தட்டிச் சுற்றுங்கள். லகுவாகச் சுற்றி நின்றால் பெடஸ்டல் சரி. சுற்றவில்லை என்றால் பிரேக் முழுக்கத் தளர்ந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள், பிறகு பேரிங். அடுத்து குவாட்ரன்டைக் கையால் தள்ளுங்கள். அதுவே கனமாக இருந்தால் குறை சுக்கான் தண்டில்: பேரிங், கிளாண்ட் (தண்டைச் சுற்றி நீர் புகாமல் தடுக்கும் கூடு), அல்லது வளைந்த தண்டு. ஒரு பக்கம் மட்டும் கனம், நடுவில் லகு என்றால் தண்டு வளைந்திருக்க வாய்ப்பு அதிகம், எதிலாவது தட்டிய பிறகு இப்படி ஆகும். இரண்டு முனையும் லகு, சேர்த்துக் கட்டினால் கனம் என்றால் வயரின் அதிக இறுக்கமோ கப்பிகளோதான். சுக்கானைத் தள்ளும் ஆட்டோபைலட்டின் ராமையும் மறக்காமல் கழற்றிவிட்டுச் சோதியுங்கள்.

படகு ஓடும்போது மட்டும் கனம் என்றால் அது பாயின் சமநிலை. பெரிய பாயில் ஒரு ரீஃப் போட்டு, அதாவது பாயைக் கொஞ்சம் சுருக்கிக் கட்டிப் பாருங்கள்.

சுக்கான் தண்டின் பேரிங்குக்கு கிரீஸ் வைக்கலாமா?

மேலே கிரீஸ் நிப்பிள் கொடுத்திருந்தால் வைக்கலாம். உலோகப் புஷ், பழைய படகுகளின் ஃபைபர்கிளாஸ் குழாய் ஆகியவற்றுக்கு அது தேவையும்கூட. உருளைகள் கொண்ட நவீன பேரிங்குக்கு வேண்டாம், கிரீஸ் சேர்த்து வைக்கும் உப்பும் மணலும் உருளைகளைச் சுற்றவிடாது. நல்ல தண்ணீரை ஹோஸால் அடித்துக் கழுவினால் போதும்.

நைலான் புஷ் போட்ட படகுகளில் ஒரு தனிக் கோளாறு உண்டு. நைலான் நீரில் ஊறினால் தன் எடையில் சுமார் 8 சதவீதம் வரை உறிஞ்சி உப்பும். கரையில் வைத்துச் சரியாகப் பொருத்திய புஷ், கடலில் இறக்கிச் சில வாரத்தில் தண்டை நெரிக்கும். எந்த கிரீஸும் இதற்கு உதவாது. கழற்றி, உப்பிய அளவுக்கு உட்பக்கத்தைக் கடைந்து பெரிதாக்க வேண்டும், அல்லது அசிட்டால் புஷ்ஷாக மாற்ற வேண்டும். அசிட்டால் 1 சதவீத அளவில்தான் நீரை உறிஞ்சும்.

தேய்மானம் பார்க்கப் படகு கரையேறியிருக்கும்போது சுக்கானின் அடிமுனையைப் பிடித்து முன்பின்னாகவும் பக்கவாட்டிலும் ஆட்டுங்கள். "டொக்" என்று கையில் அடி விழுந்தால், கீழ் பேரிங்கருகே ஒருவர் விரலை இடைவெளியில் வைத்துக்கொண்டு தண்டு நகர்கிறதா என்று பார்க்கட்டும்.

சுக்கான் கிளாண்டில் தண்ணீர் சொட்டலாமா?

கூடாது. எஞ்சின் தண்டின் கிளாண்ட் சொட்டுவது தண்டு வேகமாகச் சுற்றிச் சூடாவதால், குளிர்விக்க அந்தச் சொட்டு தேவை. சுக்கான் தண்டு சுற்றுவதில்லை, கொஞ்சம் திரும்புகிறது, அவ்வளவுதான். சொட்டு நிற்கும்வரை நட்டைக் கால் சுற்று, கால் சுற்றாக இறுக்கி நிறுத்துங்கள். நின்ற பிறகும் இறுக்கினால் வீல் கனக்கும்.

இறுக்கியும் நிற்கவில்லை என்றால் பேக்கிங்கை (கிளாண்டுக்குள் தண்டைச் சுற்றி வைக்கும் அடைப்புக் கயிற்றை) மாற்றும் நேரம். கிளாண்ட் நீர்மட்டத்துக்குக் கீழே இருந்தால் இதைக் கரையில்தான் செய்ய வேண்டும். பழையதை முழுக்கத் தோண்டி எடுங்கள், அடியில் இருக்கும் கடைசி வளையம்வரை. புதுப் பேக்கிங்கைத் தண்டைச் சுற்றி வைத்துச் சாய்வாக வெட்டி, வளையம் வளையமாக உட்கார வையுங்கள். ஒவ்வொரு வளையத்தின் வெட்டும் முந்தையதற்கு மூன்றில் ஒரு சுற்றுத் தள்ளி வர வேண்டும்.

ஸ்டாப்பில் என்ன பராமரிப்பு?

சுக்கான் பொதுவாகப் பக்கத்துக்கு 35 டிகிரி அளவில் ஒரு கட்டையில் முட்டி நிற்கும். முட்ட வேண்டியது குவாட்ரன்ட், தாங்க வேண்டியது படகின் உடல். ஸ்டாப் பெயர்ந்துவிட்டால் செயினும் வயரும் இணையும் முனை ஸ்ப்ராக்கெட்டின்மேல் ஏறிச் சிக்கும். வீலைக் கோடிவரை திருப்பி, செயின் முனைக்கு முன்னால் குவாட்ரன்ட் முட்டுகிறதா என்று இரண்டு பக்கமும் பாருங்கள்.

குவாட்ரன்ட் தண்டில் ஆடுகிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

தண்டுக்கும் குவாட்ரன்டுக்கும் குறுக்கே ஒரு மார்க்கர் கோடு போட்டு வையுங்கள். அடுத்த தடவை கோடு விலகியிருந்தால் சாவியோ (தண்டுக்கும் குவாட்ரன்டுக்கும் நடுவில் செருகிய உலோகத் துண்டு) போல்ட்டோ தேய்ந்திருக்கிறது. அலுமினியக் குவாட்ரன்டும் ஸ்டெயின்லெஸ் தண்டும் உப்புநீரில் சேரும்போது அலுமினியம் அரித்து வெள்ளைப் பொடியாகும். போல்ட்டுகளைக் கழற்றிப் பூட்டும்போது இரு உலோகத்துக்கும் நடுவே டெஃப்-ஜெல் மாதிரியான பசையைத் தடவுங்கள்.

பிரேக் பிடிக்கவில்லை, வீல் வழுக்குகிறது.

பட்டையில் கிரீஸ் படிந்திருக்கும். பட்டையைக் கழற்றி, அசிட்டோன் நனைத்த துணியால் துடைத்து, உப்புத்தாளால் மேலோட்டமாகத் தேயுங்கள். ஊறிப்போனதை மாற்ற வேண்டும். நங்கூரத்தில் நிற்கும்போது பிரேக்கை நம்பாமல் வீலைக் கயிற்றால் கட்டுங்கள்.

வயருக்குப் பதில் டைனீமா என்ற செயற்கை இழைக் கயிறு போடலாமா?

போடுகிறார்கள். எடை குறைவு, துரு இல்லை, எண்ணெயும் வேண்டாம். ஆனால் வயர் ஓடிய கப்பியில் அதை அப்படியே மாட்டாதீர்கள், பழைய வயர் கீறிய பள்ளம் கயிற்றைச் சில நாளில் அரைத்துவிடும். தொடர்ந்து இழுவையில் இருந்தால் டைனீமா மெல்ல நீளும், அதனால் இறுக்கத்தை அடிக்கடி பார்க்க வேண்டும். இரண்டையும் ஏற்பவர்கள் மட்டும் மாறுங்கள்.

பற்சக்கர வகை ஸ்டியரிங்குக்கு என்ன செய்வது?

வைட்லாக் நிறுவனம் தொடங்கி இப்போது லூமார் பெயரில் வரும் கோப்ரா, மாம்பா ஆகியவை இந்த வகை. பற்களில் கிரீஸ் படலம் இருக்க வேண்டும், இணைப்புத் தண்டின் இரு முனையிலும் உள்ள பால் ஜாயின்ட்டில் ஆட்டம் இருக்கக் கூடாது. ஆட்டம் வந்தால் முனையை மாற்ற வேண்டியதுதான். வயர் அமைப்பைவிட இதற்குக் கவனிப்புக் குறைவு. ஆனால் கடலில் உடைந்தால் கையில் இருக்கிற பொருளை வைத்துச் சரிசெய்ய முடியாது.

ஹைட்ராலிக் ஸ்டியரிங்?

வீல் பஞ்சுபோல் அமுங்கினால் குழாயில் காற்று. வீல் பம்பின் வாயில் எண்ணெய் நிரப்பிக்கொண்டே, ஒருவர் சிலிண்டரின் காற்றுத் திருகைத் திறந்து, குமிழியில்லாத எண்ணெய் வரும்வரை மற்றவர் ஒரே பக்கம் திருப்ப வேண்டும். மூடிவிட்டு அடுத்த பக்கம். சுக்கான் கோடியில் முட்டிய பிறகும் வீல் மெதுவாகச் சுற்றிக்கொண்டே போனால் உள் சீல் கசிகிறது. கையேட்டில் எழுதியிருக்கும் எண்ணெயை மட்டும் ஊற்றுங்கள். பிரேக் ஃப்ளூயிட் ஒரு நாளும் கூடாது, சீல்களைக் கெடுத்துவிடும்.

டில்லர் படகுக்கு?

சுக்கானைத் தாங்கும் கீல் ஊசிகளை நல்ல தண்ணீரில் கழுவி, தேய்ந்த பிளாஸ்டிக் வளையங்களை மாற்றுங்கள். டில்லரின் போல்ட் துளை நீள்வட்டமாகியிருந்தால் புது புஷ் அடியுங்கள். சுக்கான் கழன்று மிதக்காமல் தடுக்கும் பூட்டுக் கம்பி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். வேறொன்றுமில்லை.

கடலில் வயர் அறுந்தால் முதலில் என்ன செய்வது?

பாயைக் குறைத்துப் படகின் வேகத்தை எடுங்கள். சுக்கான் தானாக அடித்துக்கொள்ளும்போது குவாட்ரன்டுக்குப் பக்கத்தில் யாரும் போகக் கூடாது. தளத்தில் உள்ள மூடியைத் திறந்து அவசர டில்லரைச் சுக்கான் தண்டின் தலையில் மாட்டுங்கள், பிறகுதான் கீழே போய்த் தொங்கும் வயரைச் சேர்த்துக் கட்டலாம். ஹைட்ராலிக் என்றால் பைபாஸ் வால்வைத் திறந்தால்தான் டில்லர் அசையும். ஆட்டோபைலட்டுக்குச் சுக்கான் தண்டில் தனிக் கை இருந்தால் வயர் அறுந்த பிறகும் அது படகைச் செலுத்தும். வீலில் மாட்டும் பைலட் செலுத்தாது.

பெரிய படகு, தேர்ந்த குழு என்பதெல்லாம் இதிலிருந்து விலக்குத் தராது. இந்தியக் கடற்படையின் 6 பெண் அதிகாரிகள் வர்த்திகா ஜோஷி தலைமையில் 2017–18இல் ஐஎன்எஸ்வி தாரிணி என்ற பாய்மரப் படகில் உலகைச் சுற்றியபோது, கேப்டவுனிலிருந்து கோவா திரும்பும் வழியில் ஸ்டியரிங் பழுதால் 2018 ஏப்ரலில் மொரீஷியஸின் போர்ட் லூயிஸில் திட்டமில்லாமல் நிறுத்த வேண்டியிருந்தது.

அவசர டில்லரைத் துறைமுகத்திலேயே ஒரு முறை மாட்டி, எஞ்சினில் அரை மணி ஓட்டிப் பாருங்கள். பல படகுகளில் அது வீலில் இடிக்கும், அல்லது பெயின்ட் ஏறித் தலையில் நுழையாது. தள மூடியின் ரப்பர் வளையத்துக்கு வருடம் ஒரு முறை சிலிகான் கிரீஸ் பூசினால் இருட்டில் கையால் திறக்க வரும்.

நீண்ட பயணத்துக்கு என்ன உதிரி எடுக்க வேண்டும்?

இரண்டு பக்கத்துக்குமான வயர், ஒரு முனையில் திம்பிள் போட்டுத் தயார் செய்ததாக. கிளாம்ப் ஆறு. செயினுக்கு இணைப்புக் கண்ணி இரண்டு, அவற்றின் கோட்டர் பின்கள். ஒரு கப்பியும் அதன் ஊசியும். கண்போல்ட் நட்டுகள். வெட்டுவதற்கு நல்ல வயர் கட்டர், ஏனென்றால் ஹாக்ஸாவில் 7×19 வயரை அறுத்தால் முனை பிரிந்து திம்பிளைச் சுற்றி வராது. கிளாம்ப் நட்டுக்கும் கண்போல்ட் நட்டுக்கும் பொருந்தும் ஸ்பானர்களைத் தனியாக ஒரு பையில் போட்டு, அவசர டில்லருடனும் தள மூடியின் சாவியுடனும் சேர்த்துக் காக்பிட் லாக்கரில் வையுங்கள். மற்ற சாமான்களுக்கு அடியில் புதைக்காதீர்கள்.